ஜன்னல் கம்பியில் ஒரு விமானம்

பிக்சர் ட்யூபில் விமானம் பறக்கவேண்டிய இடத்தில் முள்ளுச்செடி மாதிரி எதுவோ நின்றது. நீலக் கடல் முழுக்க எழுத்தும் எண்ணும் உடைந்து புழுவாக நெளிந்தன. குண்டு போடும் சத்தத்துக்குப் பதிலாக, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சீறல்.

"இன்னாக்கா, என் ப்ளேனுக்கு இன்னா வந்துச்சி?" என்றான் ஏழுமலை. வீடியோ கேம் பார்லர் வைத்திருப்பவன். நாற்காலி போட்டும் உட்காராமல், பிரசவ வார்டு வாசலில் நிற்பவனைப் போல அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தான்.

"பாக்குறேன். முதல்ல உட்காரு."

"வோல்ட்ட கொஞ்சம் தூக்கி வுடுக்கா. ஓடிடும்."

எந்த போர்டு எந்த நோயோடு வந்தாலும் ஏழுமலையின் வைத்தியம் இது ஒன்றுதான். கேம் போர்டுக்கு ஐந்து வோல்ட் போதும். பவர் சப்ளையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பிக் கொஞ்சம் கூட்டினால், சோர்ந்துபோன போர்டு எழுந்து சில நாள் ஓடும். பிறகு மொத்தமாகப் படுக்கும். அந்தக் காலத்துப் பார்லர்காரர்கள் எல்லாரும் சட்டைப் பையில் பேனாவோடு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் செருகியிருந்தது இதற்காகத்தான்.

அவன் மனசு ஆறட்டும் என்று திருகினேன். இருந்த கடலும் போய்விட்டது. திரை முழுக்க முள்.

"இறக்குக்கா, இறக்கு! பத்திக்கப் போவுது!"

அடுக்களைக் கதவின் பின்னாலிருந்து என் மகள் ஜெனி எட்டிப் பார்த்தாள். வழக்கம்போல வலது கையைக் கவுன் பாக்கெட்டுக்குள் நுழைத்திருந்தாள்.

"இனிமே ஓடாதாம்மா?"

ஏழுமலையின் புலம்பலுக்கு நிமிராத நான் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்தேன். பார்லரைத் திரும்பத் திறக்க அவனுக்கு அந்த போர்டு வேண்டும். என் மகளின் விரல்கள் வேலை செய்ய எனக்கு அது வேண்டும். அதைப் புரியவைக்க நான் சில மாதங்கள் பின்னால் போகவேண்டும்.

கண்ணாடி

தொண்ணூற்றொன்று. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்த சமயம். ஓடிப் பிடித்து விளையாடும்போது ஜெனியின் வலது கை வகுப்பறை ஜன்னல் கண்ணாடிக்குள் போய்விட்டது. யார் மேலும் தப்பில்லை. பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். ஜன்னல் அது இருக்கும் இடத்தில்தான் இருக்கும். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆழமாக வெட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போகிற தசைநார்கள் அறுந்துவிட்டன. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துத் தைத்தார்கள்.

செய்தி வந்தபோது நான் டி.வி. கம்பெனியில் ஷிப்டில் இருந்தேன். சூப்பர்வைசர் வந்து, "மார்த்தா, கொஞ்சம் கீழ வாங்க. ஒண்ணும் இல்ல, பதறாதீங்க" என்றார். ஒன்றும் இல்லாததற்கு யாராவது லைனை நிறுத்திக் கூப்பிடுவார்களா?

இன்றைக்கும் பக்கத்து வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால் எனக்கு மகளின் குரலைக் கேட்டாகவேண்டும். ஜெனி இப்போது வேறு ஊரில், தன் குடும்பத்தோடு இருக்கிறாள். உடனே போனை எடுத்து, ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போட்டாயா என்பது போல எதையாவது கேட்டுவிட்டு வைக்கிறேன். "இன்னிக்கு என்னம்மா உடைஞ்சது?" என்று கேட்கும் அளவுக்கு அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் ஆசாரியைக் கூப்பிட்டு, வீட்டு ஜன்னல்களில் இருந்த கண்ணாடிகள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். கம்பி மட்டும் நின்றது. என் கணவர் சாமுவேல் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கண்ணாடி போன சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏளா, மழை பெஞ்சா என்ன செய்ய?"

"நனையட்டும்."

அவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். அவர் சுபாவம் அப்படி. பள்ளிக் கட்டணம், பஸ் நேரம், ஓவர்டைம் எல்லாம் பேசுவார். கையைப் பற்றி மட்டும் அந்த மாதங்களில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்ணாடி இல்லாத இந்த ஜன்னல்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவேன்.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். "தினம் அமுக்கணும். விரல அசைக்காம விட்டா நார் சுத்தியும் ஒட்டிக்கும். அப்புறம் மறுபடி திறந்துதான் பாக்கணும். அப்பவும் முழுசா வரும்னு சொல்ல முடியாது."

ஜெனி அமுக்கவில்லை. வலி ஒரு பக்கம். தையல் விட்டு விரல் தனியாக விழுந்துவிடும் என்று வகுப்பில் எவளோ சொல்லியிருந்தாள். பந்து காணாமல் போனது. இன்னொன்று வாங்கினேன். அதுவும் காணாமல் போனது. இதற்குள் அவள் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடவும், கோணல் மாணலாக எழுதவும் பழகிவிட்டாள். "கெட்டிக்காரப் பொண்ணு, எப்படிச் சமாளிக்குது பாருங்க" என்று தெருவில் பாராட்டினார்கள். அந்தச் சமாளிப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போனது.

ஏழுமலையின் பெட்டிகள்

டி.வி. கம்பெனியில் வேலை பார்த்தவளுக்கு கேம் மிஷினோடு என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் டி.வி.க்கு போர்டு செய்த ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷன். லைனில் ஃபெயில் ஆகும் போர்டுகள் கூடையில் என் மேஜைக்கு வரும். எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. இந்த ஒரு விஷயத்தில் அடக்கமாகப் பேசி என்ன ஆகப்போகிறது?

ஏழுமலை சேரப்பணஞ்சேரிக்காரன். அண்ணன்மார்கள் நெல்லும் கத்தரியும் போட்டுக்கொண்டிருக்க, இவன் சென்னையில் ஒரு வீடியோ பார்லரில் வேலைக்கு நின்று, அங்கே ஓய்ந்துபோன மிஷின்களை வாங்கி வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருந்தான். போர்டுகள் எல்லாம் சிங்கப்பூரிலிருந்து யார் யாரோ கைமாறி வந்த பழசு. ஒரு நாள் பஸ்ஸில் சாமுவேலோடு பேச்சுக் கொடுத்திருக்கிறான். மறுநாள் தண்டலத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அட்டைப் பெட்டியோடு நின்றான்.

"சார் சொன்னாரு, நீங்க சிப்புங்ககிட்ட பேசுவீங்கன்னு. சாரு பேசுனதுல பாதி எனக்குப் புரில. அது மட்டும் புரிஞ்சுது."

பெட்டியைத் திறந்தால் உள்ளே கரப்பான் முட்டைகள். போர்டின் ஓரத்தில், கனெக்டரில் செருகும் இடத்தில், தங்க முலாம் பூசிய பற்கள் கறுத்துப் போயிருந்தன. ஜெனியின் பென்சில் ரப்பரை எடுத்து அந்தப் பற்களை அழுத்தித் தேய்த்துத் துடைத்துச் செருகினேன். மிஷின் பாட்டுப் பாடிக்கொண்டு எழுந்தது.

ஏழுமலை ரப்பரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அவ்ளோதானா? சென்னைல ஒர்த்தன் இத ஒரு மாசம் வச்சிக்கினு, 'மதர் போர்டே போச்சி'ன்னான்க்கா."

அதிலிருந்து அவன் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் மத்தியானம் எனக்கு அதுதான் பொழுது. டி.வி. போர்டுக்கு வரைபடம் உண்டு. கேம் போர்டுக்கு எதுவும் கிடையாது. விரலை நனைத்து ஒவ்வொரு சிப்பையும் தொட்டுப் பார்ப்பேன், சுடுகிறவன் குற்றவாளி. சந்தேகப்படும் சிப்பின் முதுகில் அதே மாதிரி நல்ல சிப் ஒன்றை வைத்து, கால்மேல் கால் படும்படி அழுத்துவேன். படம் தெளிந்தால் கீழே இருப்பதை மாற்றவேண்டும். சரிசெய்த போர்டைப் பாதி நாளாவது ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன். அதற்காக ஒரு பழைய பிக்சர் ட்யூபு, நானே கட்டிய பவர் சப்ளை, பலகையில் பொருத்திய ஒரு ஸ்டிக், இரண்டு பட்டன் என்று அறை மூலையில் ஒரு மேஜை.

மே மாதத்துக்குப் பிறகு

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை. நாடே அறியும். அதற்குப் பிறகு ஒயர், பேட்டரி, சால்டரிங் அயர்ன் என்று எதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாலும் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. ஏழுமலை ஒரு பெட்டியோடு சோதனையில் மாட்டிக்கொண்டான்.

"கேம் சார், விமான கேம்னு சொன்னேங்க்கா. 'எங்க, ஆடிக் காட்டு'ன்றாரு. டி.வி. வேணும் சார்னேன். 'டி.வி. இல்லாம இன்னாடா கேமு?'ன்றாரு. நான் எங்க போவேன்? வாயாலயே 'டுமீல் டுமீல்'னு காட்டிட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

அரை நாள் உட்கார வைத்து அனுப்பினார்கள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்த வாரமே பார்லரை மூடினான். நான் அப்போதுதான் சரிசெய்து வைத்திருந்த விமான போர்டை, "இங்கியே கெடக்கட்டும்க்கா, பாப்பா ஆடட்டும்" என்று விட்டுவிட்டுப் போனான். அவனிடம் இருந்ததிலேயே நல்ல போர்டு அது. பசங்கள் வரிசையில் நின்று ஆடுவார்கள்.

இடம் மாறிய ஸ்டிக்

கேம் மிஷினில் ஸ்டிக் இடது பக்கம், சுடும் பட்டன் வலது பக்கம். ஜெனி இடது கையால் விமானத்தை ஓட்டி, வலது முழங்கையால் பட்டனை இடித்துச் சுட்டாள். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் அவள் தூங்கி எழுவதற்குள் ஸ்டிக்கை வலது பக்கம் மாற்றி ஒயர் கொடுத்துவிட்டேன்.

"ஏம்மா மாத்தினீங்க?"

"டெஸ்டிங்கு. இப்படியும் ஓடுதான்னு பாக்கணும்."

முறைத்தாள். ஆனால் திரையில் எதிரி விமானங்கள் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. பாக்கெட்டிலிருந்து வலது கை வெளியே வந்தது. முதலில் மணிக்கட்டால் தள்ளினாள். பிறகு உள்ளங்கையால். ஜூன் கடைசியில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த இரண்டும் ஸ்டிக்கின் குமிழைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன. ஆட்டம் முடிந்ததும் கை பாக்கெட்டுக்குள் போய்விடும். பார்த்தேன் என்று காட்டிக்கொள்ளாமல் நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன்.

டாக்டருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் மேஜையில் ஒரு பேனாவை வைத்தபோது ஜெனி தலையை ஆட்டிவிட்டாள்.

"கட்டைவிரலும் ஆள்காட்டியும் ஒண்ணோட ஒண்ணு சேரணும்மா. கிள்ளுற பிடி. அது இல்லேன்னா பேனா இல்ல, ஊசி இல்ல, பட்டன் போட முடியாது. அடுத்த தடவை பாக்கலாம். வரலேன்னா திறந்துடலாம்."

திறந்துடலாம். டிபன் பாக்ஸைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். ஸ்டிக்கின் குமிழைக் கழற்றிவிட்டு, கிள்ளிப் பிடித்தால்தான் நகரும்படி ஒல்லியாக ஒரு குச்சியைப் பொருத்துவது. அதற்குள் போர்டு படுத்துவிட்டது. முதலில் எதிரி விமானங்களுக்கு வால் இல்லாமல் போனது. பிறகு கடலில் ஓட்டை விழுந்தது. ஆஸ்பத்திரி போகும் நாள் நெருங்கியிருந்தது. இந்த நேரத்தில்தான், சோதனைகள் குறைந்துவிட்டன, பார்லரைத் திறக்கப் போகிறேன் என்று ஏழுமலை வந்து நின்றான்.

கரண்ட் இறங்கிய நேரம்

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாமுவேல் ஓவர்டைமுக்குப் போயிருந்தார். ஏழுமலை நடந்துகொண்டிருந்தான். ஜெனி கதவின் பின்னால்.

போர்டு ஜன்னல் கம்பியில் நிற்கவைத்துக் கட்டியிருந்தது. அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கேம் போர்டு நன்றாகச் சுடும். எங்களிடம் இருந்தது ஒரே ஃபேன். அது எங்களுக்கே போதாது. அதனால் காற்றுப் படட்டும் என்று சிப்புகள் இருக்கும் முகம் வெளியே பார்க்க, சால்டர் போட்ட முதுகு என்னைப் பார்க்கக் கட்டியிருந்தேன். மீட்டர் வைக்க முதுகுப் பக்கம்தான் வசதி.

கனெக்டரை ரப்பரால் தேய்த்தேன். சால்டர் விட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சூடு காட்டினேன். மீட்டரில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. திரையில் மட்டும் முள். வெயில் சாய்ந்தது. ஏழுமலைக்கு மூன்றாவது டீ கொடுத்தேன்.

சாயங்காலம் வயல்களுக்கு த்ரீ பேஸ் கரண்ட் விட்டார்கள். சுற்றுவட்டாரத்து பம்ப்செட் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டு பல்பு கிழங்கு மஞ்சளாகி, டி.வி. படம் நாலு பக்கமும் சுருங்கும். தெருவே திட்டும். அன்றைக்கும் பல்பு மங்கியது. ட்யூபில் படம் சுருங்கியது.

சுருங்கிய படத்தில் கடல் நீலமாக இருந்தது. கடலுக்கு மேல் வாலோடு விமானம்.

"அக்கா! ப்ளேனு!"

"கத்தாதே."

ஜெனி ஓடி வந்து ஸ்டிக்கைப் பிடித்தாள். விமானம் திரும்பியது. பம்ப்செட் எதுவோ நின்றிருக்கவேண்டும், பல்பு வெளிச்சமானது. உடனே முள்.

என் மூளை வேகமாக வேலை செய்தது. கரண்ட் குறைந்தால் போர்டு படுக்கவேண்டும். இது குறைந்தால் எழுகிறது. பவர் சப்ளையின் திருகை எடுத்து, இதுவரை எந்தப் பார்லர்காரனும் திருப்பாத பக்கம், கீழ்நோக்கித் திருப்பினேன். ஐந்துக்குக் கீழே. இன்னும் கொஞ்சம் கீழே. முள் உதிர்ந்தது. எழுத்துகள் அடங்கின. கடல் வந்தது, விமானம் வந்தது, குண்டுச் சத்தமும் வந்தது.

ஏழுமலை தன் சட்டைப்பை ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "இத்தினி நாளா தூக்கித் தூக்கி வுட்டனே. இறக்குனா ஓடுமாக்கா?"

"எல்லா போர்டும் ஓடாது. ஒரே ஒரு வியாதிக்குத்தான் ஓடும்."

எனக்குத் தெரிந்துவிட்டது. கேமின் விதிகள், விமானத்தின் உருவம், கடலின் நிறம் எல்லாம் சில சிப்புகளில் பதிந்திருக்கும். அந்தச் சிப்பின் முதுகில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதன் வழியாகப் புற ஊதாக் கதிர் பட்டால் பதிந்தது அழிந்துவிடும். திரும்பப் பதிக்க வசதியாக அப்படிச் செய்திருப்பார்கள். சூரிய வெளிச்சத்திலும் அந்தக் கதிர் உண்டு. பல நாள் பட்டால் எழுத்து வெளுக்கத் தொடங்கும். பாதி வெளுத்ததை, வோல்டேஜைக் குறைத்தால் கொஞ்ச காலம் படிக்கலாம். கூட்டினால் வெற்றுத்தாள். இந்த வம்பு வரக்கூடாது என்றுதான் ஒவ்வொரு கண்ணாடியையும் வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டி மூடி அனுப்புவார்கள். இந்த போர்டிலும் ஒட்டியிருந்தது. என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஸ்விட்சை அணைத்தேன். கட்டை அவிழ்த்து போர்டைத் திருப்பினேன்.

வெள்ளி ஸ்டிக்கர்கள்

வரிசையாக வெறும் கண்ணாடிகள். ஓரத்தில் ஒரே ஒரு சிப்பில் மட்டும் ஸ்டிக்கர், அதுவும் ஒரு மூலை தூக்கியபடி. மற்றவை எல்லாம் சுத்தமாக உரிக்கப்பட்டிருந்தன. வாரக்கணக்கான வெயில் நேராக இறங்கியிருக்கிறது. ஜன்னலில் கண்ணாடி இருந்திருந்தால் அதுவாவது கொஞ்சம் தடுத்திருக்கும்.

"எவன்க்கா உரிச்சது?" என்றான் ஏழுமலை. "எலியா?"

எலி உரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கைக்கு எட்டும் தூரத்தில் துவைக்கிற கல். ஜெனி சாயங்காலங்களில் உட்காரும் இடம் அது. எழுந்து பின்பக்கம் போனேன். கல்லுக்கு அடியில் சவுக்காரம் வைக்கிற பொந்தில் கையை விட்டேன். ஒரு பந்து வந்தது. டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து. அதைச் சுற்றி வெள்ளி ஸ்டிக்கர்கள், ஓரம் ஓரத்தோடு பொருந்த, ஒரு சுருக்கம் இல்லாமல்.

உள்ளே கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். ஜெனியின் உதடு பிதுங்கியது. "பளபளன்னு இருந்திச்சி..." இடது கையால் பந்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அய்யோ, என் ப்ளேனு!" என்று ஏழுமலை தலையில் கைவைத்தான்.

நான் அந்த ஸ்டிக்கர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டிக்கர் சாதாரணமாக உரியாது. எனக்கே நகத்தைக் கொடுத்து மெல்ல நெம்பி, இரண்டு விரலால் பிடித்து இழுக்கவேண்டும். என் மனசில் ஒன்று ஓடியது. அதை நம்பப் பயமாக இருந்தது.

"அம்மா திட்ட மாட்டேன். எப்படி எடுத்தே? இதோ ஒண்ணு மீதி இருக்கு பாரு. எடுத்துக் காட்டு."

பந்தைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. அவள் இடது கை பந்தோடு இருந்தது. ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பாக்கெட்டிலிருந்து வலது கை வந்தது. தூக்கியிருந்த மூலைக்கு அடியில் ஆள்காட்டி விரல் நகம் நுழைந்தது. மேலே கட்டைவிரல் வந்து அமர்ந்தது. இரண்டும் சேர்ந்தன. ஸ்டிக்கர் கிழியாமல் எழுந்து வந்தது.

அதைப் பந்தில் ஒரு காலி இடம் பார்த்து ஒட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். அவள் கையைப் பார்க்கவே இல்லை.

எனக்குக் கண் மறைத்தது. முந்தானையை எடுத்தேன்.

ஏழுமலை பதறிவிட்டான். "அக்கா, அழாதக்கா. போர்டு போனா போவுது. நான் இன்னா உன்ன கேக்கவா போறேன்? வேற ப்ளேனு வாங்கிக்கலாம்."

நான் ஜெனியின் கைப்பக்கம் கண்ணைக் காட்டினேன். அவன் பார்த்தான். முதலில் புரியவில்லை. பிறகு வாய் திறந்தது. வாயை மூடிக்கொண்டு, "பாப்பா," என்றான், "அந்த ஸ்டிக்கர நல்லாவே ஒட்டல நீ. எல்லாத்தையும் உரிச்சி மறுபடி ஒட்டு பாக்கலாம்."

"நல்லாத்தான் ஒட்டியிருக்கேன்!"

"எங்க, ஒட்டு. பாக்குறேன்."

அந்த மனிதனை எனக்கு அன்றிலிருந்து ரொம்பப் பிடிக்கும்.

பொட்டு

போர்டு விஷயம் சுலபம். கம்பெனியில் சிப்பைப் படிக்கவும் பதிக்கவும் ஒரு கருவி இருந்தது. மேனேஜரிடம் சொல்லி, சாப்பாட்டு நேரத்தில் வெளுத்த சிப்புகளை ஒவ்வொன்றாகக் குறைந்த வோல்டேஜில் படித்துப் புதுச் சிப்பில் பதித்தேன். ஒரு சிப் முரண்டு பிடித்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினேன், படிந்தது. சரியான ஐந்து வோல்ட்டில் விமானம் பழையபடி பறந்தது.

புதுச் சிப்புகளின் கண்ணாடியை மூட ஸ்டிக்கர் வேண்டுமே? ஏழுமலை ஒரு அட்டை கொண்டுவந்தான். அவன் பெண்சாதியின் ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் நிறம், வெல்வெட்.

"அளவு கரெக்டா கீது பாருக்கா. நெத்திக்கு செஞ்சானா சிப்புக்கு செஞ்சானான்னே தெரில."

வெல்வெட் தடிப்பு, வெளிச்சம் புகாது. ஒரு சிப்பை மூட ஒரு பொட்டே போதும். எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை. எங்கள் சபையில் அது கிடையாது. ஜெனிக்கு அது புது விளையாட்டுச் சாமான். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து எல்லாச் சிப்புக்கும் பொட்டு வைத்தாள். ஏழுமலை போர்டை நெஞ்சில் அணைத்து, கல்யாணப் பெண்ணைக் கூட்டிப்போவது போலக் கொண்டுபோனான்.

அந்த வாரம் ஆஸ்பத்திரி. வீட்டில் அசைந்த விரல்கள் டாக்டரைப் பார்த்ததும் பாக்கெட்டுக்குள் ஓடிவிட்டன. "பேனாவ எடும்மா" என்றார். தலையை ஆட்டினாள். "ஊசி?" அதற்கும் ஆட்டினாள். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார் என்று தெரிந்தது.

எனக்கு இதெல்லாம் பழக்கம். மேஜையில் ஓடுகிற போர்டு, சொந்தக்காரர் வந்து நின்றால் படுத்துக்கொள்ளும். அதனால் கைப்பையில் ஒரு பழைய சிப்பும் மீதிப் பொட்டு அட்டையும் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் மேஜையில் வைத்தேன்.

"இது என்னம்மா, மரவட்டை மாதிரி கால் வச்சிக்கிட்டு?" என்றார்.

"ஜெனி, இவனுக்குப் பொட்டு வைக்க மறந்துட்டோம் பாரு."

அவள் சிப்பின் வெறும் கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு கை வந்தது. நகம், கட்டைவிரல். பொட்டு உரிந்து சிப்பின் கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. அதோடு நிற்கவில்லை. இன்னொன்றைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, ஒட்ட இடம் தேடிச் சுற்றிப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள்; அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். திரும்பி என் நெற்றியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். அந்த அழுத்தத்தில் பலம் இருந்தது.

"தியேட்டர் வேண்டாம்," என்றார் டாக்டர். "போற வழியில பொட்டு அட்டை நிறைய வாங்கிக் குடுங்க."

திரும்பும் பஸ்ஸில், பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கத்தில் ஏரிக்காற்று அடித்தது. ஜெனி என் மடியில் தூங்கிவிட்டாள். வலது கை பாக்கெட்டுக்கு வெளியே, திறந்தபடி கிடந்தது. எங்கள் சபையைச் சேர்ந்த அம்மா ஒருவர் பஸ்ஸில் ஏறினார். என் நெற்றியைப் பார்த்தார். புன்னகை செய்தேன். அவர் ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் பொட்டைத் தொடவில்லை.

சாமுவேல் கதவைத் திறந்தார். ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டையில் பாதி பட்டன் போட்டிருந்தார். கண் என் நெற்றிக்குப் போய் அங்கேயே நின்றது.

"ஏளா, என்ன இது?"

"ஜெனி வச்சா."

அவர் நெற்றியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. பட்டன் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. ஆறு மாதமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டார்.

"எந்தக் கையால?"

நான் பதில் சொல்லுமுன் ஜெனி அட்டையிலிருந்து இன்னொரு பொட்டைக் கிள்ளி எடுத்துவிட்டாள். விரல் நுனியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவை நோக்கி நடந்தாள்.

அவர் குனிந்தார்.